ஆறாவது புத்தகத்தைத் திறப்பதற்கு முன்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "அம்மா, நாலாமத்த புக்கும் தீர்ந்தது. யாரும் சொல்லித் தரல, நானே தனியா வாயிச்சேன்" என்று உன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னாய். "ரொம்ப சந்தோசம் சாமி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வயதில், மூணாறு மலையில் ஒரு வில்லேஜ் ஆபீசில் நாள் முழுக்க மலையாளத்தில் ஃபைல் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளை, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் தமிழ் எழுத்துக் கற்று, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி நாலு கதைப் புத்தகம் படித்து முடித்திருக்கிறான். பெற்றவள் ஊரைக் கூட்டிச் சர்க்கரை கொடுத்திருக்க வேண்டும். நானோ விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நாலுக்கு அப்புறம் ஐந்து, ஐந்துக்கு அப்புறம் ஆறு. நீ வாரத்துக்கு ஒன்று முடிக்கிறாய். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஆறாவது புத்தகத்தை நீ திறப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதுகிறேன். தடுக்கினால் நிறுத்தி நிறுத்திப் படி, ஆனால் நீயே படி. சரண்யாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. அவளுக்கு இதில் இருப்பது முக்கால்வாசி தெரியும். அது எப்படி என்பதையும் சொல்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். உனக்கே தெரியும், நான் வாயைத் திறந்தால் முதலில் "சாப்பிட்டியா" வரும், அப்புறம் ஏதாவது திட்டு வரும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதைவிட, உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயம். நான் யாருக்கும் பயந்தவள் இல்லை என்று ஊரில் பேர். பெற்ற பிள்ளைக்குப் பயப்படுகிறேன் என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

முதலில் சின்ன உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ படித்துக்கொண்டிருக்கிற தணிகை கதைகளை எழுதுவது நான்தான். அட்டையில் இருக்கிற ஆம்பளைப் பேர் நான் வைத்துக்கொண்டது. இருபத்திரண்டு புத்தகத்தையும் அப்பா போன பிறகு எஸ்டேட்டை விட்டு உன் மாமன் ஊருக்கு வந்து நான் வேலைக்குச் சேர்ந்த பெருமாட்டி பால் சொசைட்டியில் உட்கார்ந்துதான் எழுதினேன். காலைப் பால் ஒன்பது மணிக்கெல்லாம் முடிந்துவிடும். சாயங்காலப் பால் மூன்று மணிக்குத்தான் வரும். நடுவில் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் சொசைட்டியில் ஈயும் நானும்தான். கோயமுத்தூரிலிருந்து எடிட்டர் அனுப்புகிற கவர்கள் சொசைட்டி விலாசத்துக்கு வரும். உன் மாமன் கேட்டால் மாட்டுத்தீவனக் கம்பெனிக் கடிதம் என்பேன். என் அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. பாவம், இத்தனை வருஷத்தில் எத்தனை தீவனக் கம்பெனி என்று ஒரு நாளாவது எண்ணியிருக்கலாம்.

நீ ஒரு நாளும் படிக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதினேன். ஒன்றாங்கிளாசிலேயே உன்னை மலையாள மீடியத்தில் சேர்த்தது உன் அப்பா. "ஏட்டி, தமிழ் படிச்சா இவனும் என்னைய மாதிரி எஸ்டேட்டுக்குள்ளயேதான் கெடப்பான். மலையாளம் படிக்கட்டும். ஆபீஸ்ல போயி ஃபேனுக்குக் கீழ உக்காரட்டும்" என்றார். அவர் சொன்னபடியே நீ உட்கார்ந்துவிட்டாய், மூணாறு குளிருக்கு ஃபேன் தேவைப்படவில்லை என்பதைத் தவிர. வீட்டில் பேச்சுக்குத் தமிழ், எழுத்துக்கு மலையாளம். பஸ்ஸில் தமிழ் போர்டு இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பாய். எழுத உட்காரும்போது எனக்கு அது பெரிய சவுகரியமாகப் போய்விட்டது. இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் எத்தனையோ தாய் தகப்பன் எழுதுவதைப் பிள்ளைகளால் படிக்க முடியாது. அதைச் சொல்லி எல்லாரும் வருத்தப்படுவார்கள். நான் ஒருத்திதான் அதற்குள் ஒளிந்துகொண்டு பிழைத்தேன்.

இனி பெரிய உண்மை. தணிகை யார் என்று நாலு புத்தகம் படித்த உனக்கு இன்னும் தெரியவில்லையா? எந்த ஊர், என்ன வயசு, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தருக்கும் தெரியாது. காணாமல் போனவர்களைத் தேடி ஒரு ஊருக்கு வருவான், கண்டுபிடிப்பான், சொல்லாமல் போவான். மர்மமான ஆளாக இருந்தால்தான் நாவல் ஓடும் என்று எடிட்டர் சொன்னார். மர்மத்துக்கு நான் எங்கே போவேன்? என் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தான், அப்பா செத்த நாளிலிருந்து தேவைக்கு மேல் வாயைத் திறக்காதவன். அவனை எடுத்து வைத்தேன். தூங்குகிறவர்கள் இருக்கிற அறைக்குள் தணிகை போகமாட்டான். வாசற்படியிலேயே நின்று, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வான். கிளம்பும்போது "வரேன்" என்று இரண்டு தரம் சொல்வான். எந்த வண்டியிலும் முன் சீட்டில் உட்காரமாட்டான். இதெல்லாம் யார் என்று நீயே சொல்.

ஒரு புத்தகத்தில் அவனைப் பற்றி நான் பத்து வரிக்கு மேல் கொடுத்ததில்லை. ஆனால் படிக்கிறவர்கள் இருக்கிறார்களே, ஐயோ சாமி! பத்து வரியை வைத்துக்கொண்டு ஆளையே கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுவார்கள். எட்டாவது கதையில் ரயிலில் தணிகை குறட்டை விட்டான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். தாராபுரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கார்டு போட்டார்: "தணிகை அப்படி அயர்ந்து தூங்குகிற ஆளில்லை. தயவு செய்து திருத்தவும்." எனக்குக் கோபம் வந்தது, பெற்றவளுக்குத் தெரியாததா இவருக்குத் தெரியும் என்று. அடுத்த லீவுக்கு நீ வந்து மத்தியானம் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டேன். மூச்சுவிடுவதுகூடக் கேட்கவில்லை. வாத்தியார் சொன்னதுதான் சரி. இன்னொரு அம்மாள், முகம் தெரியாதவள், தீபாவளிக்குத் தீபாவளி தணிகைக்கு என்று ஒரு வேட்டி எடுத்து எடிட்டருக்கு அனுப்புவாள். பொள்ளாச்சியில் எடுத்தேன் என்று சொல்லி நான் உனக்குக் கொடுத்ததெல்லாம் அந்த வேட்டிதான். சிரிக்காதே. அப்போதே எனக்கு உள்ளுக்குள் பயம் தட்டிவிட்டது. இவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை, கூட இருந்து பார்க்கிறவர்கள் என்று தெரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே ஆறாவதை எழுதித் தொலைத்திருந்தேனே.

"முன் சீட்டுல ஏன் உக்கார மாட்டேங்கறாருன்னு கேட்டுக் கடுதாசியா வந்து குமியுதுங்கம்மா. எதையாச்சும் சொல்லி வைங்க" என்று எடிட்டர் நச்சரித்தார். அவர் பேரில் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. எனக்கே ஆசை வந்துவிட்டது. எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள், பதில் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்கிற திமிர். பதினோரு மத்தியானத்தில் எழுதி முடித்தேன். எழுதியது உன் அப்பா செத்த நாளை.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படி. பஸ்ஸில் படிக்காதே.

அன்றைக்கு எனக்கு ஃபாக்டரியில் பகல் ஷிஃப்ட். உனக்குப் பதினைந்து வயது, காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா மேனேஜரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, தான் ஓட்டுகிற எஸ்டேட் ஜீப்பை லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே இருக்கிற ஷெட்டில் நிறுத்தி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்தது. "ஏலே, டிஸ்பென்சரிக்கு ஓடுலே, கம்பவுண்டரக் கூட்டிட்டு வா" என்று அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். நீ ஓடினாய். ஷிஃப்ட் முடிகிற ஃபாக்டரிச் சங்கு ஊதி நான் வந்து சேர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார். நீ இல்லை. எல்லாரும் உன்னைத் தேடினார்கள். வாட்ச்மேன்தான் வந்து, "பையன் ஷெட்டுல ஜீப்புக்குள்ள உக்காந்திருக்கான்" என்றார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாய், கையில் சாவியோடு. டிஸ்பென்சரியில் ஆள் இல்லை என்று சொன்னாய். அதற்கு அப்புறம் பல மாசம் நீ யாரிடமும் பேசவில்லை, பேசத் தொடங்கிய பிறகும் அந்த நாளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று கம்பவுண்டர் வந்தார். லயத்து ஆம்பளைகள் அவரை உள்ளே விடவில்லை, டூட்டி நேரத்தில் எங்கேயடா போனாய் என்று சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவர் பின்பக்கமாக வந்து என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, என் பிள்ளைக மேல சத்தியம், அன்னைக்கு நான் எடத்த விட்டு நகரல. ஒம் பையன் வரவே இல்ல. நான் அவனக் கொற சொல்லல, சின்னப் பய, பயந்திருப்பான். வந்திருந்தாலும் எங்கிட்ட அதுக்கு மருந்து கெடையாது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாலும் வழியிலயே முடிஞ்சிருக்கும், அது பத்து நிமிச வேல. அவன்கிட்ட இதையெல்லாம் எப்பவாச்சும் சொல்லு. இப்ப இவங்ககிட்ட மட்டும் நான் அங்கதான் இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிரு தாயி" என்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் உன் பக்கம் திரும்பியிருப்பார்கள். அவர் அந்த மாசமே எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டார். எங்கே போனார், இருக்கிறாரா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்தப் பாவம் என் தலையில்தான் இருக்கிறது, உன் தலையில் இல்லை.

ஆக, நீ போகவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் கண்ணு. பதினாறு வருஷமாகத் தெரியும். நீ பயந்துபோய் ஷெட்டில் ஒளிந்துகொண்டாய் என்று நினைத்தேன். உன்னை ஒரு நாளும் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மனதுக்குள் உன்னை மன்னித்தும் விட்டேன். மன்னித்துவிட்டோம் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாவை நீ கொன்றுவிட்டாய் என்று உள்ளே கிடந்து நீ வெந்துகொண்டிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். கம்பவுண்டர் சொன்ன அந்தப் பத்து நிமிஷத்தை உன்னிடம் சொல்லியிருந்தால் உன் பாரம் பாதி இறங்கியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் எனக்கு மற்றதும் தெரியும் என்று உனக்குத் தெரிந்துவிடும். நீ கூனிக் குறுகுவாய் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்ட வாயோடு சொசைட்டிக்குப் போய், ஒளிந்துகொண்ட பையனை ஆறாவது புத்தகத்தில் எழுதினேன். ஏழாவது புத்தகத்தில் ஒரு கம்பவுண்டரைக் கொண்டுவந்து அந்தப் பத்து நிமிஷத்தைத் தணிகையிடம் சொல்லவும் வைத்தேன். படித்தவர்களெல்லாம் அழுததாக எழுதினார்கள். ஊருக்கெல்லாம் சொன்னேன். இல்லாத ஒரு ஆளுக்கு ஆறுதல் சொன்னேன். உனக்குச் சொல்லவில்லை.

இப்போது சரண்யாவுக்கு வருகிறேன். அவளை உனக்குப் பார்த்தது தரகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தரகருக்கு அவள் வீட்டைக் காட்டிக் கொடுத்தது நான். தணிகையைப் படிக்கிறவர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரு குரூப் இருக்கிறது. நானும் அதில் யாரோ ஒருத்திபோல ஒரு மூலையில் கிடப்பேன். ஒரு நாள் அங்கே ஒரு பெண் எழுதினாள்: "தணிகை ஏன் ரெண்டு தடவை வரேன்னு சொல்றாரு தெரியுமா? முதல் தடவை சொல்லும்போது அந்த வீட்டுக்காரங்க நிமிர்ந்து பாக்கலேன்னா, அவங்க நல்லாத்தான் இருக்காங்களான்னு அவருக்குச் சந்தேகம். பதில் வந்தாத்தான் போக முடியும்." அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எழுதும்போது அதை ஒரு பழக்கம் என்று மட்டும்தான் எழுதினேன். ஏன் என்று எனக்கே தெரியாது. போனைக் கீழே வைத்துவிட்டு, நீ மூணாறுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டே "சரி சரி" என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னதை நினைத்தேன்.

அந்தப் பெண் பொள்ளாச்சிப் பக்கம், நம் சனம்தான், கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்தபோது என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. உன்னை இத்தனை தெரிந்தவளுக்கு நீ இனிமேல் ஒன்றும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, என் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். எந்தத் தாயாவது கதைப் புத்தகத்தை வைத்து மருமகள் பிடிப்பாளா? நான் பிடித்தேன். பிடித்த பிறகுதான் பயம் ஆரம்பித்தது.

நிச்சயத்தன்று கொழிஞ்சாம்பாறை மண்டபத்திலிருந்து கோயிலுக்குக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? டிரைவர் மாப்பிள்ளைக்கு என்று முன் கதவைத் திறந்து பிடித்தார். "இல்ல, ஞான் பின்னால இருந்துக்கறேன்" என்று நீ சுற்றி வந்தாய். சரண்யா உன்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தேன். கோயிலில் என்ன வேண்டினேன் என்றுகூட நினைவில்லை. அடுத்த வாரமே இருபத்திரண்டு புத்தகத்தையும் கட்டி உனக்குக் கொடுத்து, வா படிக்கச் சொல்லித் தருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நீ சந்தோஷமாகப் போன் செய்து, "அம்மா, சரண்யா என்னை சிஷ்யனாக்கிட்டா" என்றாய். அன்றிலிருந்து நான் நாள் எண்ணுகிறேன். நீ படித்துவிட்டுக் கல்யாணத்தை நிறுத்திவிடுவாயோ, என் முகத்தில் விழிக்கமாட்டாயோ, அந்த மலையில் தனியாக என்ன செய்துகொள்வாயோ என்று நினைக்காத நினைப்பெல்லாம் நினைத்தேன். சோறு இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் பஸ் பிடித்துச் சொசைட்டிக்கு வந்து நின்றாள். "ஏனுங்கத்தை, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டாள். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எழுதறது நீங்கதானுங்களே" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது, அதற்குள் அவளே பேசினாள். "எல்லாரும் யாரோ ஆம்பளைன்னு சொல்றாங்க. எனக்கு மூணாவது புக்குலயே இது ஒரு அம்மா எழுதறதுன்னு தெரிஞ்சு போச்சுங்க. தணிகை துப்பாக்கிக்கு முன்னால நிக்கும்போதும், காலைல அவரு சாப்புட்டாரா இல்லியான்னு எழுதிப்போடறீங்க. எந்த ஆம்பள அதையெல்லாம் எழுதுவான்?" எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அவன்கிட்டச் சொல்லிப்போட்டியா?" என்று கேட்டேன். "இல்லீங்க. அஞ்சாவது புக் அவருகிட்ட இருக்குது. ஆறாவது எம் பையிலதான் இருக்குது. அதை நான் முன்னாலயே உருவி வெச்சுக்கிட்டேன். நாவல்ல படிச்சுத் தெரிஞ்சுக்கற விசயமில்லீங்கத்தை அது. நீங்க சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் குடுக்கறேன், இல்லாட்டி குடுக்காமயே இருக்கறேன்."

அத்தோடு போயிருந்தால் இந்தக் கடிதம் ஒரு மன்னிப்புக் கடிதமாக முடிந்திருக்கும். அவள் படியில் இறங்கியவள் திரும்பி வந்தாள். "ஒண்ணு கேக்கோணும், கோவிச்சுக்காதீங்க. அந்த ஷெட்டுல ஜீப்பு நின்ன எடத்துல இல்லாம ரெண்டடி முன்னால போயித் தூணுல முட்டிக்கிட்டு நின்னுதுன்னு நாப்பத்தோராம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. அது நெசமா நடந்ததுங்களா, நீங்களா சேத்துனதுங்களா?" என்றாள். நிஜம்தான் என்றேன். அடுத்த நாள் வண்டியை எடுக்க வந்த புது டிரைவர், யார் இதை நகர்த்தியது என்று சத்தம் போட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்ததால் எழுதினேன், அவ்வளவுதான். சரண்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒளியறதுக்கு வந்த பையன் எதுக்குங்கத்தை ஆணியில தொங்கற சாவிய எடுத்துட்டு வரான்? எதுக்கு ஹேண்ட்பிரேக்க எடுக்கறான்? பின் சீட்டுக்குக் கீழ பூந்துக்கலாமே, முன் சீட்டுல எதுக்கு உக்கார்றான்? நீங்க எழுதுனத நீங்களே படிக்கலீங்கத்தை."

அவள் போன பிறகு நான் சாயங்காலப் பாலை எப்படி அளந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்தவர்களெல்லாம் உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இதுவரை நான் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை கண்ணு. என் பிள்ளையின் ரகசியத்தை விற்றுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். இப்போது வந்திருப்பது வேறு பயம். நீ செய்யாத ஒன்றுக்காக உன்னைப் பதினாறு வருஷம் மன்னித்துக்கொண்டு இருந்தேனோ? கம்பவுண்டர் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம் என்று ஓட்டத் தெரியாத வண்டியில் ஏறி உட்கார்ந்த பிள்ளையை, ஒளிந்துகொண்ட கோழை என்று அட்டை போட்டு அச்சடித்துப் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாகத் தொங்கவிட்டேனோ? சரண்யா சொல்வதுதான் சரி என்று நான் முடிவு கட்டவில்லை. முடிவு கட்டித்தான் இத்தனை கேடு வந்தது. அவளுக்குத் தணிகையைத் தெரியும். தாராபுரம் வாத்தியாருக்குத் தெரியும், வேட்டி அனுப்புகிற அம்மாளுக்குத் தெரியும். நான் உன்னைப் பெற்றேன், உன்னைப் பார்த்துப் பார்த்து எழுதினேன், உன்னிடம் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் சொல்கிற புத்தி என்று ஏதாவது இருக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். சரண்யா கெட்டிக்காரி, நீ சொல்லாததையும் கண்டுபிடித்துவிடுவாள். அவளைக் கண்டுபிடிக்க விடாதே, வாயைத் திறந்து சொல்லு. அவளைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியும் என்று தோன்றினால், தெரிந்த மாதிரி நடந்துகொள்ளாமல் போய்க் கேள். கேட்டால் அவள் நொந்துபோவாள் என்று நீயாக நினைத்துக்கொண்டு இருந்துவிடாதே. அந்த நினைப்புக்கு நான் பாசம் என்று பேர் வைத்திருந்தேன். அது வெறும் பயம்.

இருபத்திமூன்றாவது கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். நீ சொல்லாமல் இனி ஒரு வரி எழுதமாட்டேன். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் வந்து கத்து. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அது என்னால் இன்னொரு தரம் தாங்க முடியாது. கம்பவுண்டர் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன், இரண்டு தரம் படி: நீ எங்கே போயிருந்தாலும், என்ன செய்திருந்தாலும், அப்பா பிழைத்திருக்கமாட்டார். இதை உன் கையில் வைத்துவிட்டு, அன்றைக்கே அந்த ஷெட்டில் உன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் சரி.

அந்த ஜீப்புக்குள்ளே உட்கார்ந்து என்ன சாமி பண்ணிக்கொண்டிருந்தாய்?

அம்மா